இறந்தவர் உடலைத் தொடும் கைகளுக்குப் பயிற்சி எங்கே? வடசென்னையிலிருந்து ஒரு கேள்வி

வடசென்னையில் ஒரு சாவு விழுந்தால் தெருவே கூடிவிடும். சாமியானா, ஃப்ரீசர் பாக்ஸ், ஆளுயர மாலை, மேளம், ராத்திரி முழுக்க மரண கானா, மறுநாள் ரோடு நெடுக பூ தூவிக்கொண்டே போகும் ஊர்வலம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம். போனவரை மரியாதையாக அனுப்பத் தெரிந்த ஊர் இது.

ஆனால் அந்த உடலை முதலில் தொட்டவர் யார்? ஆஸ்பத்திரி வார்டில் கண்ணை மூடிவிட்டவர், பிணவறையில் குளிர்பெட்டிக்குள் வைத்தவர், போஸ்ட்மார்ட்டம் முடிந்து தையல் போட்டு, துடைத்து, துணி சுற்றிக் கொடுத்தவர், அமரர் ஊர்தியில் ஏற்றி இறக்கியவர், மயானத்தில் கடைசியாகக் கை வைத்தவர். இவர்களுக்கு இந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பெரும்பாலானோருக்கு யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. முன்னால் இருந்தவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பலருக்கு அப்பா செய்த வேலை, தாத்தா செய்த வேலை. முடிவெட்டவும் ஏ.சி. ரிப்பேர் செய்யவும் சர்டிஃபிகேட் கோர்ஸ் இருக்கும் நாட்டில், ஒரு மனிதரின் கடைசிப் பராமரிப்பு இன்னும் பார்த்துப் பழகும் வேலையாகவே இருக்கிறது. இதை முறையாகக் கற்றுத்தரும், சான்றிதழ் தரும், நல்ல சம்பளம் தரும் வேலையாக மாற்ற வேண்டும். அதைத் தொடங்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

வடசென்னை ஏன்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, கடல். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை, கடலுக்குப் போனவர் திரும்பாத கதை இல்லாத குப்பம் கிடையாது. தண்ணீரில் இரண்டு, மூன்று நாள் கிடந்த உடல் உப்பிவிடும், தோல் உரியும், முகம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அந்த முகத்தைக் காட்டி "இவர்தானா பாருங்கம்மா" என்று வீட்டாரிடம் கேட்பது கொடுமை. தவறான அடையாளத்துக்கும் அதுவே வழி. துணி, பச்சை குத்தியது, பழைய தழும்பு, பல், தேவைப்பட்டால் டி.என்.ஏ. என்று போக வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே அது தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. அன்று தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில், நோய் பரவிவிடும் என்ற பயத்தில், அடையாளம் காணாமலேயே உடல்களை மொத்தமாகப் புதைத்தார்கள். பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் வராது என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவை சேர்ந்து வெளியிட்ட களக் கையேடு 2006-லேயே வந்துவிட்டது. ஒவ்வொரு உடலுக்கும் ஓர் எண், ஒரு போட்டோ, ஒரு குறிப்பு, தனித்தனிக் குழி என்பதுதான் அதன் சாரம். 2024 ஜூலை வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு புத்துமலையில் அடையாளம் தெரியாதவர்களை எண் போட்டு, டி.என்.ஏ. மாதிரி எடுத்து, சர்வமதப் பிரார்த்தனையோடு அடக்கம் செய்தார்கள். பிறகு டி.என்.ஏ. பொருந்தும்போது, "எங்க அப்பா இங்கதான் இருக்கார்" என்று குடும்பம் வந்து நிற்க ஓர் இடம் இருக்கிறது.

இரண்டாவது, ஆலைகள். மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையம், ரசாயனத் தொழிற்சாலை, கன்டெய்னர் யார்டு, இரவு பகலாக ஓடும் டிரெய்லர் லாரி. விபத்தில் சிதைந்த உடல்கள் இங்கே அதிகம் வரும்.

மூன்றாவது, வெளியூர்த் தொழிலாளர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உடல்கள் ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம். தமிழ் தெரியாத ஒரு தாய், தன் ஊர் வாசலில் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது என்ன பார்க்கிறார் என்பதைத் தீர்மானிப்பது சென்னையில் ஒரு மேஜையில் இரண்டு மணி நேரம் நடக்கும் வேலைதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கும்?

இறந்த இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தசைகள் இறுகத் தொடங்கும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்க விறைத்துவிடும், பிறகு மெல்லத் தளரும். சென்னை வெக்கையில் எல்லாமே இன்னும் வேகம். அதனால்தான் நம் வீடுகளில் பெரியவர்கள் முதல் வேலையாகக் கண்ணை மூடி, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, கால் கட்டைவிரல்களை இணைத்துக் கட்டுவார்கள். சடங்கு என்று நாம் நினைக்கும் இதற்குள் உடல் விறைப்பதற்கு முன் முகத்தையும் காலையும் சீராக வைக்கும் அறிவு இருக்கிறது.

பயிற்சி பெற்ற ஊழியர் செய்வது இதன் தொடர்ச்சிதான். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ பெயர்ப்பட்டை கட்டுவது முதல் வேலை. அடுத்து ட்யூப், ஊசி, கதீட்டர் அகற்றி, கசிவு வராமல் அடைத்து, உடலைக் கழுவித் துடைப்பார். காயத்தைத் தைத்து மூடுவார். தலை மாட்டை லேசாக உயர்த்தி வைப்பார், இல்லாவிட்டால் ரத்தம் முகத்தில் தேங்கிக் கறுத்துவிடும். பிறகு சுமார் 4 டிகிரி குளிரில் வைப்பார். ஃப்ரீசர் பாக்ஸ் அழுகலைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஒவ்வொருவர் வரும்போதும் மூடியைத் திறந்து திறந்து மூடினால் அந்தப் பலனும் போய்விடும்.

விமானத்தில் அனுப்ப வேண்டுமானால் எம்பாமிங் வேண்டும். தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தை உடல் முழுக்கச் செலுத்துவார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதைப் பொதுவாக உடற்கூறியல் துறை செய்கிறது. போஸ்ட்மார்ட்டம் செய்த உடலில் ரத்தக்குழாய்கள் வெட்டுப்பட்டிருக்கும் என்பதால், பல இடங்களில் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். விபத்துச் சாவு என்றால் போஸ்ட்மார்ட்டம் உண்டு. அதாவது, ஊருக்குத் திரும்ப வேண்டிய தொழிலாளியின் உடல்தான் கஷ்டமான கேஸ். எம்பாமிங் சான்றிதழ், போலீஸ் தடையின்மைச் சான்று, இறப்புச் சான்று, பெட்டி சீல் வைத்ததற்கான சான்று எல்லாம் சேர்ந்தால்தான் கார்கோவில் ஏற்றுவார்கள்.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்காவிட்டால்?

மூன்று தரப்புக்கும் அடி விழும்.

முதலில் ஊழியர். உடலைப் புரட்டும்போது நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று வெளியே வரும். காசநோய் இருந்தவர் என்றால் அந்தக் காற்றில் கிருமி இருக்கலாம். ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி ஆபத்து. மூன்று டோஸ் தடுப்பூசியும் மாஸ்க்கும் தடிமனான கையுறையும் இருந்தால் பெரும்பகுதி தடுக்கலாம். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஜன்னல் திறக்காத அறையில், துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அதைக் கையாள்வது மெதுவாகச் சாவதற்குச் சமம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரை அதை அகற்றாமல் எரியூட்டினால் பேட்டரி வெடிக்கும். உலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இதைச் சொல்லியிருக்கிறோமா?

இரண்டாவது, குடும்பம். பெயர்ப்பட்டை சரிபார்க்காமல் உடலை மாற்றிக் கொடுத்த செய்திகள் கொரோனா காலத்தில் நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்தன. வேறொருவருக்குக் கொள்ளி வைத்துவிட்டோம் என்று தெரிய வரும் மகனுக்கு எந்த நிவாரணத் தொகை பதில் சொல்லும்?

மூன்றாவது, ஊர். 2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு. உடலை அண்ணா நகர் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் ஆம்புலன்ஸைத் தாக்கியது. டிரைவரும் சுகாதார ஊழியர்களும் ரத்தக் காயத்தோடு ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார், ஆஸ்பத்திரி ஊழியர்கள் இருவரோடு திரும்பிப் போய், நள்ளிரவில் மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார்.

ஒரு மாதத்துக்கு முன்பே, 2020 மார்ச்சிலேயே, மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது: கசியாத பை, 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல், கையுறை, மாஸ்க், இவை போதும், புதைப்பதால் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து இல்லை என்று. அந்தத் தகவல் பி.டி.எஃப்-ல் இருந்தது, தெருவுக்கு வரவில்லை. அதைத் தெருவில் நின்று தைரியமாகச் சொல்லக்கூடிய, பயிற்சி பெற்ற, அடையாள அட்டை போட்ட ஊழியர் நமக்கு இருந்திருக்க வேண்டும். அடுத்த ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்றது. தண்டிக்கச் சட்டம் வந்தது. பயிற்சிக்கு எதுவும் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் கண்ணியமான வாழ்வுரிமை, இறந்த உடலுக்கும் பொருந்தும் என்று 1995-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடற்றவர்களுக்கும் அவரவர் மத வழக்கப்படி கண்ணியமான இறுதிச்சடங்கு உண்டு என்று 2002-ல் ஆஷ்ரய் அதிகார் அபியான் வழக்கில் சொன்னது. சடலத்தை அவமதித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 301-வது பிரிவில் ஓராண்டுவரை சிறை.

இதைவிட முக்கியமானது, 2021 மே மாதம் தேசிய மனித உரிமை ஆணையம் மாநிலங்களுக்கு அனுப்பிய ஆலோசனை. இறந்தவர்களின் உரிமைக்கென்று தனிச் சட்டம் வேண்டும், மயான ஊழியர்களுக்கு உடலைப் பாதுகாப்பாகக் கையாளச் சொல்லித்தர வேண்டும், பாதுகாப்புக் கருவி தர வேண்டும், அவர்களின் கடும் உழைப்புக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆலோசனை என்பதால் கட்டாயம் இல்லை. அதனால் அது ஃபைலிலேயே தூங்குகிறது.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா?

இல்லை. அதுதான் நமக்குப் பாடம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் இறுதிச்சடங்கு நடத்துபவருக்கு உரிமம் கட்டாயம். அதைக் கைவிட்டிருந்த கொலராடோவில், 2023 அக்டோபரில் ஒரு தனியார் நிறுவனக் கட்டடத்திலிருந்து சுமார் 190 உடல்கள் அழுகிய நிலையில் மீட்கப்பட்டன. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் உரிமச் சட்டம் போட்டது. பிரிட்டனில் ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் 2005 முதல் 2020 வரை பிணவறையில் இறந்த பெண்களின் உடல்களுக்குக் கொடுமை செய்தது அம்பலமானது. அதை ஆராய்ந்த விசாரணைக் குழு, இறுதிச்சடங்குத் துறை முழுவதற்கும் சட்டபூர்வக் கண்காணிப்பு வேண்டும் என்றது. ஸ்காட்லாந்தில் இறந்தவர் உடலைப் பராமரிப்பதற்கான சட்டபூர்வ நடத்தை விதி 2025 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

கொலராடோவும் பிரிட்டனும் அசிங்கமான சம்பவம் நடந்த பிறகுதான் விழித்தன. நாமும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

"இதெல்லாம் நம்ம ஊருக்கு சரிப்படுமா?"

நியாயமான கேள்விகள் மூன்று வரும்.

"சடங்கை வீட்டார்தானே செய்வாங்க?" ஆமாம், அவர்களே செய்யட்டும். ஜமாஅத்தில் குளிப்பாட்டிக் கஃபன் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தேவாலயத்துக்கு அதன் முறை உண்டு, குப்பத்துக்கு அதன் முறை உண்டு. பயிற்சி பெற்ற ஊழியர் அவர்களின் இடத்தைப் பிடிக்க வரவில்லை. வீட்டார் கையில் உடல் சுத்தமாக, சரியான பெயரோடு, பார்க்கக்கூடிய முகத்தோடு வந்து சேர்வதுதான் அவர் பொறுப்பு. எந்த மதத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும்.

"செலவு?" மாநகராட்சி மயானங்களில் எரிக்கவும் புதைக்கவும் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. உள்கட்டமைப்புக்குச் செலவு செய்யத் தயங்காத அரசு, அதில் வேலை செய்யும் கைகளுக்குச் சில வாரப் பயிற்சி தருவது பெரிய தொகை இல்லை. சரியான சம்பளம் இல்லாத இடத்தில்தான் "ஏதாவது பார்த்துக் கொடுங்க சார்" என்று துக்க வீட்டாரிடம் கை நீட்ட வேண்டி வருகிறது. அதை ஊழியரின் பேராசை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம்.

மூன்றாவது கேள்விதான் கனமானது: சாதி. தமிழகத்தில் இந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதே குடும்பங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து சர்டிஃபிகேட் கொடுத்தால், பழைய கட்டுக்கு ஃப்ரேம் போட்டதாக ஆகிவிடும். எனவே பொது அறிவிப்பு, பொதுத் தேர்வு, எல்லாச் சமூகத்திலிருந்தும் ஆட்கள், அரசு ஊதிய விகிதம் என்று இருக்க வேண்டும். இப்போது செய்பவர்களின் அனுபவத்துக்கு முதல் மரியாதை தர வேண்டும். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகவும் வழி வேண்டும். மாற்றம் முடியாதது இல்லை. கல்லடி நடந்த அதே வேலங்காடு மயானத்தை, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு தொண்டு நிறுவனம் மூலம் நிர்வகித்தவர் பிரவீணா சாலமன் என்ற பெண். பெண்கள் மயானத்துக்குள் வரவே கூடாது என்ற ஊரில் அவர் அந்த வேலையைச் செய்து காட்டினார்.

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் துறந்தவர், தாய்க்குத் தீ மூட்ட மட்டும் திரும்பி வந்தார் என்பது நம் ஊர்க் கதை. இறந்தவருக்குக் கை வைப்பதை இழிவாக நினைக்க நம் மரபு சொல்லிக்கொடுக்கவில்லை. அதைச் சிலரின் வேலையாக ஒதுக்கிய பிறகுதான் இழிவு வந்து ஒட்டிக்கொண்டது.

எங்கே தொடங்கலாம்?

ராயபுரத்திலேயே. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறையும் தடயவியல் மருத்துவத் துறையும் இருக்கின்றன. ஆசிரியர்கள், ஆய்வகம், பிணவறை எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கே ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றைத் தொடங்கலாம். பிணவறை ஊழியர், அமரர் ஊர்தி டிரைவர், மயான ஊழியர் மூவருக்கும் சம்பளத்தோடு கூடிய பயிற்சி. ஃப்ரீசர் பாக்ஸ், சவப்பெட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நாள் சுருக்க வகுப்பு. சேரும்போதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறை காசநோய் பரிசோதனை. குடும்பத்தோடு பேசும் முறைக்குத் தனிப் பாடம். அதன் முதல் விதி: "பாடி எங்கே?" என்று கேட்காமல், இறந்தவரைப் பெயர் சொல்லிக் கேட்பது. இந்தி, வங்காளம், அசாமி பேசும் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க ஆள். ஓராண்டு நடத்திப் பார்த்து, மற்ற மருத்துவக் கல்லூரிகளுக்கும் கொண்டுபோகலாம்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் ஒரு மரணம் என்றால், உடலை வாங்கும் முன் பெயர்ப்பட்டையை நீங்களே படித்துப் பாருங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஆஸ்பத்திரியிலும் மயானத்திலும் சொல்லுங்கள். பக்கத்தில் வேலை செய்பவர் கையுறை இல்லாமல் நின்றால், ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள்.

ராயபுரம் பக்கத்திலுள்ள மூலக்கொத்தளம் மயானத்தில், 1939 மொழிப் போரில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்குகிறார்கள். ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். அவர்களுக்குக் குழி வெட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகியும், அந்த வேலையைச் செய்பவரை நாம் அதே இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். வரும் பட்ஜெட்டில் ஆறு வாரப் படிப்புக்கு ஒரு வரி ஒதுக்கினால், அவரை அங்கிருந்து நகர்த்தத் தொடங்கலாம்.